மாமன் வராத காதுகுத்து

பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு கோபப்பட முடியாது. முயன்று பார்த்தவன் சொல்கிறேன். அது வழுக்கி வழுக்கி விழும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கும்.

சபாக் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம். காலை பத்து மணி. வரிசை வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரே சுவரில் வெள்ளைத் திரை, ஜன்னல்களில் கறுப்புத் துணி. முன்வரிசை நடுவில் நான். ஆசிரியை ஒருவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இன்று நாம் பார்க்கப்போகும் படத்தின் இயக்குநருடைய தாய்மாமன் நம்மிடையே அமர்ந்திருக்கிறார்” என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எந்தப் படம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என்னை அங்கே கூட்டிப்போனவர் ஹனிபா நானா; நானா என்றால் அண்ணன். செம்பனை எண்ணெய் ஆலையில் நான் தராசு கிராணியாக, லோரிகளை எடை போடுபவனாக, இருந்த காலத்தில் ஆலை வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். இப்போது சபாக்கில் மகன் நடத்தும் கடையில் மேற்பார்வை என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறார். “பள்ளிக்கூடத்துல ஒரு நிகழ்ச்சி, சாப்பாடு நம்ம கடை. நீங்க முன்னுக்கு வந்து உட்காந்தா போதும்” என்று சொல்லித்தான் அழைத்தார். பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் அவர் கடை மீன்தலைக் கறியைப் புகழ்ந்து எழுதியிருந்தேன். அதற்குப் பதில் மரியாதை என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன்.

“நானா, என்ன படம்னு ஏன் சொல்லல?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“சொன்னா வந்திருப்பீங்களா? சும்மா உட்காருங்க லா. பிள்ளைங்க பாக்குதுங்க.”

திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தின் கடைசியில், படம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில், என் தங்கை மகன் தினேஷ் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குனிந்து வயர் எதையோ சரிசெய்தான். வயரில் ஒரு கோளாறும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவனோடு பேசி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவன் அம்மா மலர்க்கொடியோடும் அப்படித்தான். எனக்கு ஒரே தங்கை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவள். அவளோடு பேசாமல் ஒன்றரை வருடத்தை ஓட்டிவிட்டேன். இன்னும் எத்தனை வருடம் அவளுக்கு மிச்சம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. எல்லாம் இந்தப் படத்தால் வந்தது.

விளக்கை அணைத்தார்கள். எழுந்து போகலாம் என்று பார்த்தேன். பொன்னாடை சரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு பஸ் ஜனம்

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மருமகனுக்கு விளம்பரம் செய்கிறேன் என்பீர்கள்.

தினேஷ் பகலில் ஒரு தளவாடக் கிடங்கில் வேலை செய்கிறவன். கையில் இருந்ததையும் நண்பர்கள் கொடுத்ததையும் போட்டு இந்தப் படத்தை எடுத்தான். அவன் அம்மாவும் நானும் பிறந்த தோட்டத்தில், இடிக்காமல் மிச்சமிருந்த லயத்து வரிசை வீடுகளில்தான் படப்பிடிப்பு. நடிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர். மற்றதெல்லாம் தோட்டத்து ஜனம், தோட்டத்துக் கோழி, தோட்டத்து ஆடு.

படம் கிள்ளானில் ஒரு பேரங்காடித் திரையரங்கில் வெளியானபோது, இரண்டு பஸ் பிடித்து எல்லோரையும் கூட்டிப்போனார்கள். முறுக்கு, புளிச்சோறு, தலைவலித் தைலம் எல்லாம் உடன் வந்தன. பிள்ளைகள் வேலை செய்யும் ஊர்களிலிருந்து நேரே வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அன்று அந்தப் படத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

“ஏய், நம்ம ஆடு! நம்ம ஆடு!”

“அது உன் ஆடு இல்ல லா, முத்தம்மா ஆடு. உன் ஆட்டுக்குக் கொம்பு ஏது?”

“என் ஜன்னல்ல அந்தத் துணிய எடுக்கச் சொன்னேன்ல! இப்ப பாரு, ஊரே பாக்குது.”

எங்கள் ஜனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. திடலில் படம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு கம்புக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்காருவோம். அங்கிருந்து பார்த்தால் கதாநாயகன் இடது கையால் சாப்பிடுவான், இடது கையால் தாலி கட்டுவான். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். திரையில் இருப்பவர்களோடு பேசுவதும் எங்களுக்குப் பழக்கம். எங்கள் அம்மா கதாநாயகியிடம் “பின்னாடி பாரு தாயி” என்று எச்சரிக்காமல் ஒரு படம் பார்த்ததில்லை.

ஆகவே, கிள்ளான் திரையரங்கில் எல்லோரும் தங்களைத் தேடினார்கள். தன் முகம் வந்ததும் கத்தினார்கள், வராதவர்கள் முறைத்துக்கொண்டார்கள். நானும் என்னைத் தேடவில்லை என்று சொல்ல முடியாது. நான் நடிக்கவில்லை. ஆனால் படத்தில் நான் இருந்தேன்.

கதை பெரிதில்லை. ஒரு பெண் அண்ணன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிள்ளை பிறக்கிறது. காதுகுத்துக்கு அண்ணன் வரவில்லை. அவள் பிள்ளையை வளர்க்கிறாள், வயதாகிறது. அந்த அண்ணன் வேடத்துக்கு வந்தவன் காக்கிக் கால்சட்டை போட்டிருந்தான். சட்டைப் பையில் மூன்று பேனா. பேசுவதற்கு முன்னால் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தான்.

“தராசு கிராணி லா இது!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அரங்கமே சிரித்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி சரஸும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். என் சட்டைப் பையில் அன்று மூன்று பேனா இருந்தது. ஒன்றையாவது வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

காதுகுத்துக் காட்சி வந்தது. அந்தச் சிரிப்பு ஓயாததால் திரையை அரைகுறையாகத்தான் பார்த்தேன். ஆசாரி ஊசியைத் துடைத்தபடி, “மாமன் வந்தாச்சா?” என்று கேட்டார். அந்தப் பெண், “வரல. நீங்க ஆரம்பிங்க” என்றாள்.

“எங்க வருவாரு, லோரிய எட போட்டுட்டு இருப்பாரு!” என்றது அதே குரல். மறுபடி சிரிப்பு.

யார் என்று பார்க்கத் திரும்பினேன். எல்லா முகத்திலும் திரையின் வெளிச்சம் ஒரே மாதிரி விழுந்தது. ஒருவரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மறுபடி திரையைப் பார்த்தபோது காட்சி முடிந்து பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் மலர் என்னிடம் வந்தாள். புதுச் சேலை. டயாலிசிஸ் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது, மெதுவாகத்தான் நடந்தாள். “படம் எப்படிண்ணே இருந்துச்சு?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ரெண்டு பஸ்ல ஆள ஏத்திட்டு வந்து என்னைய நாறடிச்சிட்டீங்க. ஆத்தாளும் மகனும் நல்லா இருங்க” என்றேன். சுற்றி இருந்தவர்கள் முறுக்குத் தின்பதை நிறுத்திவிட்டார்கள்.

தினேஷ் ஓடி வந்தான். “மாமா, நீங்க அந்த சீன்ல...”

“நீ பேசாத” என்று சொல்லிவிட்டுச் சரஸைக் கூட்டிக்கொண்டு காடியில் ஏறிக் காரைக் கிளப்பினேன். கோலா சிலாங்கூரில் எங்கள் வீடு வந்து சேரும்வரை சரஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சொன்ன காரணம், சொல்லாத காரணம்

பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதை இவ்வளவு நாள் இந்தத் தொடரில் தள்ளிப்போட்டே வந்தேன்.

அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். வீட்டுக்கு நான்தான் அப்பா மாதிரி என்று ஊர் சொன்னது. நானும் அதை நம்பிவிட்டேன். மலர், செம்பனைப் பழ லோரியில் குலை ஏற்றிக்கொண்டிருந்த முனியாண்டியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது, “பையனுக்கு நிரந்தர வேலை இல்ல” என்று சொன்னேன். எல்லோரிடமும் அதையே சொன்னேன்.

அது காரணமில்லை. சாதிதான் காரணம். எங்கள் தோட்டத்தில் லயம் ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று, கோயில் ஒன்று. தீபாவளிப் பலகாரம் எல்லா வீட்டுக்கும் போகும். கல்யாணப் பேச்சு என்று வந்தால் மட்டும், பாட்டன் காலத்தில் ஊரில் விட்டுவந்தது எல்லாம் மறுபடி கப்பலேறி வந்து இறங்கிவிடும். வாயால் சொல்ல வெட்கமாக இருந்ததால் வேலையின்மேல் பழியைப் போட்டேன். பிறகு முனியாண்டிக்கு நிரந்தர வேலையும் கிடைத்தது. அதற்காக நான் மனம் மாறிவிடவில்லை.

அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். நான் போகவில்லை. பிறகு தினேஷ் பிறந்தான். அவனுக்குக் காதுகுத்து வைத்தார்கள்.

எங்களில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவோம். புதுத் துணியும் தோடும் மாமன் கொண்டுவர வேண்டும். மாமன் இல்லாவிட்டால் பெரியப்பனோ யாரோ உட்கார்ந்து காரியம் நடந்துவிடும். யாரும் வாய்திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்வரை ஒருவரும் மறக்க மாட்டார்கள். அம்மா என் ஆலைக் குடியிருப்புக்கே வந்து, “அவள மன்னிக்க வேணாம்டா, பச்சப் புள்ளைக்கு மடி குடு” என்று கெஞ்சினார்.

நான் போகவில்லை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆலையில் லோரி வரிசை, விடுப்புக் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். சரஸிடமும் அதையேதான் சொன்னேன்.

அம்மா இறந்தபோது நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்தோம். அதன் பிறகு தீபாவளிக்கு அவர்கள் வருவார்கள், பொங்கலுக்கு நாங்கள் போவோம். தினேஷ் என்னை மாமா மாமா என்று சுற்றி வந்தான். காதுகுத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய்திறக்கவில்லை. அது தீர்ந்த கதை என்று நானாக முடிவுசெய்துகொண்டேன்.

இரண்டு எடை

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஆலைக்குள் வரும்போது ஒருமுறை தராசில் ஏறும். குலையைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது இன்னொருமுறை ஏறும். முதல் எடையில் லோரி இருக்கும், டீசல் இருக்கும், ஓட்டுநர் இருப்பார், அவருடைய சோற்றுப் பாத்திரமும் இருக்கும். இரண்டாவது எடையைக் கழித்தால்தான் பழம் எவ்வளவு என்று தெரியும். அவசரக்கார ஓட்டுநர்கள் இரண்டாவது எடைக்கு நிற்காமல் போகப் பார்ப்பார்கள். அவர்களை நான் திட்டாத திட்டு இல்லை.

முப்பது வருடம் அந்த வேலையைப் பார்த்தவன், படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

சபாக் மண்டபத்தில் யாரும் கத்தவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு முத்தம்மாவையும் தெரியாது, அவள் ஆட்டையும் தெரியாது. ஆடு வந்தது, புல் தின்றது, போனது. மூன்று பேனா வைத்த ஆள் வந்தபோது சட்டைப் பையைப் பொன்னாடையால் மூடிக்கொண்டேன். ஒரு பிள்ளையும் என் பக்கம் திரும்பவில்லை. அவர்களுக்கு அவன் ஒரு கோபக்கார மாமா, அவ்வளவுதான்.

அவன் வரும் காட்சிகளை எண்ணினேன். நான்குதான். கிள்ளானில் பார்த்தபோது படம் முழுக்க அவன் நிறைந்திருந்ததாகவே எனக்கு ஞாபகம். சரஸிடமும் அப்படித்தான் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். அவள் ஒருமுறை, “நாலு சீன்தாங்க வர்றாரு” என்றபோது, “உனக்கு எண்ணத் தெரியாது” என்று சொல்லியிருக்கிறேன்.

மற்ற நேரமெல்லாம் படம் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அரிசி களைகிறாள், பிள்ளைக்குத் தலை துவட்டுகிறாள், வாடகைக்கு எடுத்த தையல் இயந்திரத்தில் பள்ளிச் சீருடை தைக்கிறாள். வெளியே மோட்டார் சத்தம் கேட்டால் ஒரு நொடி கை நிற்கிறது. முந்தானையை இழுத்துச் சரிசெய்கிறாள். சத்தம் தாண்டிப் போனதும் மறுபடி வேலையைத் தொடர்கிறாள். வசனம் இல்லை, பின்னணி இசையும் இல்லை. முதல் தடவை இந்த இடங்களில்தான் நான், ‘என்னடா இழுக்கிறான்’ என்று கொட்டாவி விட்டேன்.

யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. புருஷன் உள்ளே படுத்துத் தூங்கும்போதும் அவள் மோட்டார் சத்தத்துக்குத் திரும்பினாள். எனவே புருஷனுக்காக இல்லை. அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு பழைய மோட்டார் இருந்தது, அதன் சத்தம் அரை மைலுக்குக் கேட்கும்.

வளைவுக்கு வெளியே நின்றவன்

காதுகுத்துக் காட்சி வந்தது.

கோயிலுக்குள், அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்திருந்தான். முன்னால் ஆசாரி, மஞ்சள் தண்ணீர், மொட்டை அடித்த பிள்ளை. தூரத்தில் கோயில் நுழைவாயில் வளைவு. வளைவுக்கு வெளியே, வெயிலில், மோட்டார் பக்கத்தில் ஒருவன் நின்றான். முகம் தெரியவில்லை. தலைக்கவசத்தை மோட்டாரின்மேல் வைத்துவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். காலியான கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“மாமன் வந்தாச்சா?” என்றார் ஆசாரி, குனிந்தபடி.

அந்தப் பெண் முகத்தைப் பாதி திருப்பி வெளியே நின்றவனைப் பார்த்தாள். வாய் திறந்தது, மூடியது. பிறகு, அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வரல. நீங்க ஆரம்பிங்க.”

துண்டைத் தன் மடியில் விரித்துப் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டாள். தூரத்தில் அவன் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போனான். பிள்ளை வீறிட்டது.

அந்த ஆள் நான்தான்.

அன்று நான் போயிருந்தேன். ஆலையில் விடுப்பு எடுத்து, பட்டுச் சட்டையும் குட்டி வேட்டியும் ஒரு சோடித் தோடும் வாங்கிக்கொண்டு போனேன். வளைவுக்கு வெளியே நின்று பார்த்தபோது முனியாண்டியின் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ‘வாங்க’ என்று யாராவது எழுந்து வருவார்கள் என்று நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ரோசம் தலைக்கேறித் திரும்பிவிட்டேன். தோட்டைப் பத்தரிடமே திருப்பிக் கொடுத்தேன். துணியைப் போகும் வழியில் வேறு யாருக்கோ கொடுத்தேன். நான் அங்கே போனதை அம்மாவிடமும் சொன்னதில்லை, சரஸிடமும் சொன்னதில்லை. இந்தத் தொடரிலும் எழுதும் எண்ணம் இருக்கவில்லை.

அதைத் தினேஷ் படம் எடுத்து வைத்திருக்கிறான். கையைத் துடைத்துக்கொண்டது வரைக்கும்.

படம் முடிந்ததும் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடினார்கள். நான் கடைசி வரிசைக்குப் போனேன். தினேஷ் நிமிர்ந்து நின்றான்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அம்மா சொன்னாங்க மாமா. டயாலிசிஸ்ல நாலு மணி நேரம் சும்மாதானே இருப்பாங்க. பக்கத்துல உட்காந்திருப்பேன். ஒவ்வொண்ணா சொன்னாங்க.”

“எல்லாம் சொன்னாளா?”

“எல்லாம் சொன்னாங்க” என்றவன் தலையைக் குனிந்துகொண்டான். ஏன் குனிந்தான் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

“இப்ப அவ எங்க?”

“டயாலிசிஸுக்கு இன்னிக்கு காலையிலயே போயாச்சு. இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பாங்க. நீங்க போங்க மாமா. நான் இங்க எல்லாத்தையும் ஏத்திட்டு வர நேரமாகும்.”

நேரமாகாது என்று இருவருக்கும் தெரியும். ஹனிபா நானா பிரியாணிப் பொட்டலங்களை என் கையில் திணித்து, “தங்கச்சி வீட்டுக்குத்தானே? கொண்டு போங்க” என்றார். அவரும் இதில் கூட்டு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சுங்கை பஞ்சாங் வீடு

மலர் வீடு சுங்கை பஞ்சாங்கில், வயலைப் பார்த்தபடி. அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் நாற்றம் காடிக்குள்ளேயே வந்தது. வழி முழுக்க என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டேன். எனக்கும் ரோசம், உனக்கும் ரோசம், விட்டுவிடுவோம் என்று சொல்வதாக முடிவு செய்தேன். அதைச் சொல்வதே பெரிய மனது என்றுகூட நினைத்தேன்.

முனியாண்டி கதவைத் திறந்தார். “வாங்க மச்சான்” என்றார். ஒன்றரை வருடம் பார்க்காத முகத்தைப் பார்த்த ஆச்சரியம் அதில் இல்லை. பொட்டலங்களை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை.

மலர் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். முகம் கறுத்து, கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“படம் பாத்தேன்.”

“தெரியும். தம்பி போன் பண்ணான்.” மகனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

“ரெண்டாவது தடவ.”

“மொத தடவ என்னத்தப் பாத்த?”

“என்னைய பாத்தேன்.”

“அதான் தெரிஞ்சிச்சே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “அன்னைக்கு நான் வெளிய நின்னத நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டா வரலன்னு சொன்ன?”

பதிலுக்கு நிற்காமல் நான் தயார் செய்துகொண்டு போனதை எடுத்துவிட்டேன். “சரி, விடு. எனக்கு ரோசம், உனக்கும் ரோசம். ஒரே வயித்துல பொறந்தவங்கதானே.”

“ரோசம் இல்லண்ணே” என்றாள். “பயம்.”

எனக்குப் புரியவில்லை.

“அத்தன பேரு உட்காந்திருந்தாங்க. புள்ள கையில இருந்துச்சு. உன் கையில பேப்பர் சுத்தி நீளமா என்னமோ இருந்துச்சு. பெரம்போ கட்டையோன்னு நெனச்சிட்டேன். உள்ள வந்து எல்லார் முன்னுக்கும் இன்னொரு தடவ அடிச்சிருவியோன்னு பயந்துட்டேன். கூப்பிட வாயெடுத்தேன். வரல.”

இன்னொரு தடவை என்றாள்.

முனியாண்டியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, குழாயடியில், நான் அவளை அறைந்தேன். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவளுக்கு அப்போது இருபது வயது. ஒரே ஒரு அறைதானே, அண்ணன் அடிக்காமல் யார் அடிப்பது என்று அன்றைக்கே அதை மறந்துபோனேன். அது நடந்ததற்கும் அவள் ‘வரல’ என்றதற்கும் தொடர்பு இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

“பட்டுச் சட்டைடீ” என்றேன். “சட்டையும் வேட்டியும். உள்ள தோடு இருந்துச்சு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுப்படியில் முனியாண்டி கரண்டியைக் கீழே போட்டார்.

“அந்த அறை படத்துல இல்லையே?” என்று கேட்டேன்.

“தம்பி எடுக்கணும்னுதான் சொன்னான். நான் வேணாம்னுட்டேன். மாமாவ அப்படி யாரும் பாக்கக் கூடாதுடான்னு சொன்னேன்.” கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “நீ வந்தத நான் பாத்தேன், பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னேன்னு உனக்குத் தெரியணும். அது போதும்னு எடுக்கச் சொன்னேன். எங்கண்ணன் வந்தாரு, நான்தான் இல்லன்னுட்டேன். இவ்வளவு வருசமா உன்மேல மட்டும் பழி கெடந்துச்சு. நேர்ல சொல்லலாம்னு எத்தனையோ தடவ நெனச்சேன். இன்னும் பயமாத்தான் இருந்துச்சு.”

ஐம்பதைத் தாண்டிய பெண். பேரன் பேத்தி எடுக்கும் வயது. வாரத்தில் மூன்று நாள் ஊசிக்குப் பயப்படாதவள். என்னோடு ஒரு வார்த்தை பேசப் பயந்து மகனைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் படத்தின் மூலம் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக என் முன்னால் வந்து நின்றவளைத்தான், இரண்டு பஸ் ஜனத்துக்கு நடுவில் நான் அப்படிப் பேசிவிட்டு வந்தேன். என்னை நாறடித்த படம் என்று ஒன்றரை வருடம் சொல்லித் திரிந்தேன். என்னை மூடிக் காப்பாற்றி எடுத்த படம் அது.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் இது. “மலரு, தப்பு என்னோடது. அன்னைக்கும் என்னோடதுதான், கிள்ளான்லயும் என்னோடதுதான். மன்னிச்சிரு” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று என் கையை நீட்டினேன். அவள் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன்.

“அந்தக் கை வேணாண்ணே, ஊசி குத்துன கை. அமுக்குனா ரத்தம் வந்துரும்” என்றாள் மலர். “இதப் புடி.”

மற்றக் கையை நீட்டினாள்.